பழைய வழக்கை எப்போது சொல்லத் தேவையில்லை? இங்கிலாந்து, வேல்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் சனிக்கிழமைகளில் நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வீசா, கவுன்சில் வீடு, வேலை விண்ணப்பம் என்று எல்லாம் வரும். "உங்களுக்குக் குற்றத்தீர்ப்பு ஏதாவது உண்டா?" என்ற கட்டத்துக்கு வந்ததும் எதிரே இருப்பவரின் குரல் இறங்கிவிடும், பக்கத்தில் மனைவியோ மகனோ உட்கார்ந்திருந்தால் பேச்சே நின்றுவிடும். சொல்லத் தேவையே இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் கொட்டி, கைக்கு வந்த வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் மறைத்து மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். யார் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருந்தால் இரண்டு பேருமே தப்பித்திருப்பார்கள்.

கீழே உள்ளது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதியும் வேறு, கணக்கும் வேறு.

'ஸ்பென்ட்' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

1974ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டத்தில் வரும் சொல் அது. தண்டனை முடிந்து, அதற்கு மேல் சட்டம் சொல்லும் காலமும் புதிய வழக்கு இல்லாமல் கழிந்தால், அந்தத் தீர்ப்பு ஸ்பென்ட் ஆகிவிடும். தமிழில் காலாவதி என்று வைத்துக்கொள்வோம். காலாவதியான பிறகு சாதாரண வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ இன்சூரன்ஸுக்கோ கேட்டால் "இல்லை" என்று சொல்லலாம். அது பொய் இல்லை. அந்தக் கேள்வி காலாவதியான தீர்ப்புகளைப் பற்றிக் கேட்கவே இல்லை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இதை ஒருவரை நம்பவைக்கத்தான் எனக்கு நிறைய நேரம் பிடிக்கிறது. "கடவுளுக்குத் தெரியுமே" என்று ஒரு ஐயா சொன்னார். கடவுளிடம் சொல்லுங்கள் ஐயா, சூப்பர் மார்க்கெட் மேனேஜரிடம் எதற்கு என்றேன்.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. கார்டினர் பிரபு தலைமையிலான குழு 1972இல் கொடுத்த அறிக்கைதான் இதற்கு அடிப்படை. ஒருமுறை தவறி, பிறகு வருடக்கணக்கில் ஒழுங்காக வாழ்பவரைச் சாகும்வரை அந்த ஒரு நாளோடு கட்டிப்போடக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

அப்படியானால் பதிவே அழிந்துவிடுமா?

இல்லை. போலீஸின் தேசியக் கணினியில் உங்களுக்கு 100 வயது ஆகும்வரை இருக்கும். காலாவதி என்றால் அதை யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டாம் என்பது மாறுகிறது, அவ்வளவுதான்.

எந்தத் தண்டனைக்கு எவ்வளவு காலம்?

28 அக்டோபர் 2023 முதல் கணக்கு மாறி, பலருக்குக் காலம் குறைந்திருக்கிறது. அதற்கு முன்பு வந்த தீர்ப்புகளுக்கும் இந்தப் புதுக் கணக்குதான். பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் பயந்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

18 வயதுக்கு மேல் தீர்ப்பு வந்தவர்களுக்கு: ஒரு வருடம் அல்லது அதற்குக் குறைந்த சிறை என்றால், தண்டனை முடிந்து 1 வருடம். ஒரு வருடத்துக்கு மேல் 4 வருடம் வரை என்றால், முடிந்து 4 வருடங்கள். 4 வருடத்துக்கு மேல் என்றால் முடிந்து 7 வருடங்கள், ஆனால் கடுமையான வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்களுக்கு இது கிடையாது. கோர்ட் போட்ட அபராதம் தீர்ப்பு நாளிலிருந்து 1 வருடம். கம்யூனிட்டி ஆர்டர் (சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லா வேலை போன்றவற்றைச் செய்யச் சொல்வது) அது முடியும் நாளோடு தீரும், தண்டனை போடாமல் நிபந்தனையோடு மட்டும் விடுவித்தாலும் அந்த நிபந்தனைக் காலம் முடியும் நாளோடு தீரும். நிபந்தனையே இல்லாமல் விடுவித்திருந்தால் அன்றைக்கே காலாவதி. 18 வயதுக்குக் கீழே தீர்ப்பு வந்திருந்தால் சிறைக்கும் அபராதத்துக்கும் சொன்ன காலத்தில் பாதி.

"தண்டனை முடிந்து" என்றால் வெளியே வந்த நாளா?

இல்லை. அதிகம் பேர் தப்பாகக் கணக்குப் போடும் இடம் இதுதான். நீதிபதி 18 மாதம் என்றார், 9 மாதத்தில் லைசென்ஸில், அதாவது மீதிக் காலத்துக்கு நிபந்தனையோடு, வெளியே விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு 9 மாதம் செல்லாது, முழு 18 மாதமும் ஓடி முடிய வேண்டும். அதற்குப் பிறகு 4 வருடங்கள். மொத்தம் ஐந்தரை வருடம். வெளியே வந்த நாளிலிருந்து எண்ணினால் 9 மாதம் முன்னாலேயே "இல்லை" என்று சொல்லிவிடுவீர்கள், அந்த 9 மாதத்தில் சொன்னது பொய்யாகிவிடும்.

எனக்குச் சிறை இல்லை, 'சஸ்பென்டட்' தண்டனைதான். அது கணக்கில் வருமா?

வரும், சிறைத் தண்டனையாகவே வரும். ஆனால் எத்தனை மாதச் சிறை என்பதைத்தான் பார்க்க வேண்டும், எவ்வளவு காலத்துக்கு நிறுத்திவைத்தார்கள் என்பதை இல்லை. "6 மாதம், 2 வருடத்துக்கு நிறுத்திவைப்பு" என்று தீர்ப்பில் இருந்தால் 6 மாதமும் அதற்கு மேல் 1 வருடமும், ஆக ஒன்றரை வருடம். அந்த 2 வருடத்தைப் பிடித்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டேன். அதுவும் குற்றத்தீர்ப்பா?

எதில் முடிந்தது என்பதைப் பொறுத்தது. அங்கேயே 'பெனால்டி ஃபேர்' எழுதி, நீங்களும் கட்டியிருந்தால் அது குற்றத்தீர்ப்பு இல்லை. கோர்ட் வரை போய் அபராதம் போட்டிருந்தால் குற்றத்தீர்ப்புதான்.

படிக்க வந்த பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இந்த வழக்குகளில் பல, ஒரே ஒரு மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்து முடிக்கும் முறையில் நடக்கின்றன, நீங்கள் கோர்ட்டுக்கே போக மாட்டீர்கள். கடிதம் வரும், 21 நாளுக்குள் பதில் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு அறை மாறும் பிள்ளைக்கு அது பழைய வீட்டுக்குப் போகும், அங்கே வாசலில் பீட்சா விளம்பரங்களோடு கிடக்கும், பதில் வராததால் தீர்ப்பும் ஆகிவிடும். அப்படித் தெரியாமலே தீர்ப்பு வந்திருந்தால், தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் உறுதிமொழி கொடுத்து வழக்கை மறுபடி திறக்கலாம். இந்தக் கெடுவை விடாதீர்கள்.

இன்னொன்று. அபராதத்தோடு, ஏமாற்றிய கட்டணத்தையும் இழப்பீடாகக் கட்டச் சொல்வது வழக்கம், அது இரண்டு மூன்று பவுண்டுதான் இருக்கும். ஆனால் இழப்பீட்டு உத்தரவு முழுக்கக் கட்டி முடித்தால்தான் தீரும். ஒரு தம்பி கொண்டுவந்த கோர்ட் தாளில் அபராதம் ஒரு வரி, செலவு ஒரு வரி, அதற்குக் கீழே இழப்பீடு 2 பவுண்டு சொச்சம் என்று இன்னொரு வரி. தீர்ப்பு வந்து ஒன்றரை வருடம் ஆகியும் அந்தப் பாக்கி நின்றதால் காலாவதி ஆகவில்லை. கட்டிவிட்டு, கட்டியதற்கான அத்தாட்சியையும் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு மாதிரி வேறு எது தேதியைத் தள்ளும்?

ஒரே தீர்ப்பில் இரண்டு மூன்று உத்தரவு இருந்தால் கடைசியில் முடிவதுதான் கணக்கு. குடும்பத் தகராறு வழக்குகளில் இதைப் பார்க்கிறேன்: கம்யூனிட்டி ஆர்டர் 12 மாதம், கூடவே நெருங்கக் கூடாது என்று 5 வருடத் தடை உத்தரவு. வேலைக் கணக்கெல்லாம் முடித்துவிட்டேனே என்பார் அண்ணன், ஆனால் 5 வருடம் முடிந்தால்தான் காலாவதி.

காலம் முடிவதற்குள் இன்னொரு வழக்கு வந்துவிட்டால்?

இரண்டாவது, மேல் கோர்ட்டான கிரௌன் கோர்ட்டில் விசாரிக்கக்கூடிய வகைக் குற்றமாக இருந்தால் (திருட்டு, மோசடி போன்றவை) முதல் தீர்ப்பும் இரண்டாவதோடு சேர்ந்து நீளும், இரண்டும் ஒரே நாளில்தான் காலாவதி ஆகும். மாஜிஸ்திரேட் கோர்ட்டோடு முடிகிற சின்னக் குற்றம் என்றால் அதனதன் காலம் தனித்தனியாக ஓடும். ஏற்கெனவே காலாவதி ஆனது புது வழக்கால் உயிர்த்தெழாது.

எவை ஒருநாளும் காலாவதி ஆகாது?

ஆயுள் தண்டனை, பொதுமக்கள் பாதுகாப்புக்காக என்று முன்பு கொடுத்த காலவரையற்ற சிறை, நீட்டிக்கப்பட்ட தண்டனை, அப்புறம் மேலே சொன்ன கடுமையான குற்றங்களுக்கு 4 வருடத்துக்கு மேல் சிறை. ஆரம்பத்தில் 30 மாதத்துக்கு மேல் சிறை என்றாலே ஆயுளுக்கும் கறைதான், 2014இல்தான் அந்த எல்லை 4 வருடமானது.

கார் ஓட்டிய வழக்கு, இன்சூரன்ஸ்?

இதில் அபராதத்தின் 1 வருடத்தை நம்பிவிடாதீர்கள். கோர்ட் லைசென்ஸில் பதிவு போட்டால் அந்தப் பதிவுக்கு 5 வருடம், 18 வயதுக்குக் கீழே இரண்டரை. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய வழக்கு எல்லாம் இப்படித்தான் 5 வருடம் போகும். போக்குவரத்துக் குற்றத்துக்குப் போடும் புள்ளிகள் 4 வருடத்தில் லைசென்ஸை விட்டுப் போய்விடுகிறதே என்று கேட்பார்கள். குடிபோதை வழக்கு 11 வருடம் லைசென்ஸில் இருக்கும், அதையும் காட்டிப் பயப்படுவார்கள். லைசென்ஸில் இருப்பது ஒரு கணக்கு, காலாவதி ஆவது இன்னொரு கணக்கு.

ஸ்கூட்டரில் சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பிகள் சாதாரண இன்சூரன்ஸை வைத்துக்கொண்டு ஓட்டி மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. கூலிக்குப் பொருள் கொண்டுபோக அந்த இன்சூரன்ஸ் செல்லாது, சட்டத்தின் பார்வையில் இன்சூரன்ஸே இல்லாத மாதிரிதான். பிறகு புது இன்சூரன்ஸ் எடுக்கும்போது 5 வருடம் முடியும்வரை கேட்டால் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் விபத்து நடக்கும் அன்றைக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். வீட்டு இன்சூரன்ஸில் உங்களோடு வசிப்பவர்களின் தீர்ப்பையும் சேர்த்துக் கேட்பார்கள், மகனுடையதை மறந்துவிடாதீர்கள்.

போலீஸ் காஷன் வாங்கினேன், கோர்ட்டுக்குப் போகவில்லை.

காஷன் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டவரைப் போலீஸே எச்சரித்து விடுவது. சாதாரணக் காஷன் கொடுத்த நிமிடமே காலாவதி. நிபந்தனையோடு கொடுத்ததென்றால் அதிகபட்சம் 3 மாதம். கைது செய்து, வழக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள் என்றால் அது தீர்ப்பே இல்லை.

டிபிஎஸ் எடுக்கச் சொல்கிறார்கள். அதில் வந்துவிடுமா?

டிபிஎஸ் என்பது வேலைக்காக எடுக்கும் குற்றப் பதிவுச் சான்றிதழ். எந்த டிபிஎஸ் என்று முதலில் கேளுங்கள். பேசிக் என்றால் காலாவதி ஆகாதது மட்டும்தான் வரும். கடை, கிடங்கு, பெட்ரோல் பங்க், ஆபீஸ் வேலைகளுக்கு இதற்கு மேல் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. மதுக்கடை வைக்க பர்சனல் லைசென்ஸ் கேட்கும் நம் கடைக்காரர்களுக்கும் இதுதான்: 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டமே காலாவதியான தீர்ப்புகளை விட்டுவிடச் சொல்கிறது.

ஸ்டாண்டர்ட், என்ஹான்ஸ்ட் இரண்டும் வேறு ரகம். ஆசிரியர், நர்ஸ், முதியோர் பராமரிப்பு, குழந்தை பார்ப்பது, வழக்கறிஞர், மினிகேப் ஓட்டுநர், செக்யூரிட்டி லைசென்ஸ் எல்லாம் 1975ஆம் ஆண்டு விதிவிலக்கு ஆணையில் வருகின்றன. இவற்றில் காலாவதியானதும் வெளியே வரும், ஆனால் எல்லாமே வந்துவிடாது. பெரியவராக இருந்தபோது வந்த தீர்ப்பு, சிறையோ நிறுத்திவைத்த சிறையோ இல்லை, கடுங்குற்றப் பட்டியலிலும் இல்லை, 11 வருடம் ஆகிவிட்டது என்றால் சான்றிதழில் வராமல் வடிகட்டிவிடுவார்கள். சிறுவயதுத் தீர்ப்புக்கு ஐந்தரை வருடம், பெரியவரின் காஷனுக்கு 6 வருடம். சிறுவயதில் வாங்கிய காஷன் இப்போது தானாக வெளியே வருவதில்லை. என்ஹான்ஸ்டில் மட்டும், வேலைக்குச் சம்பந்தம் என்று போலீஸ் கருதினால் வேறு தகவலையும் சேர்க்க முடியும்.

இந்த வடிகட்டல் இவ்வளவு தூரம் வந்ததற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார், வழக்கில் அவர் பெயர் 'பி' என்ற எழுத்து மட்டும்தான். 1999இல் வீடில்லாமல், மனநோய் இருப்பது கண்டுபிடிக்கப்படாமல் இருந்த காலத்தில், ஒரு சாண்ட்விச் எடுத்ததற்குக் காஷன் வாங்கினார். அப்புறம் 99 பென்ஸ் புத்தகம் ஒன்றை எடுத்ததற்கும் சொன்ன நாளில் கோர்ட்டுக்கு வராததற்கும் தீர்ப்பு வந்தது. பின்னாளில் பள்ளியில் உதவியாளர் வேலைக்கு முயன்றார். ஒன்றுக்கு மேல் தீர்ப்பு இருந்தால் எல்லாமே வெளியே வரும் என்பது அன்றைய விதி, ஆகவே ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தப் புத்தகம் வந்து நின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது, 28 நவம்பர் 2020இல் விதி நீக்கப்பட்டது. ஒரு 99 பென்ஸ் புத்தகத்துக்கு ஒரு மனுஷி இருபது வருடம் பதில் சொல்லியிருக்கிறார்.

படிவத்தில் "எப்போதாவது தீர்ப்பு வந்திருக்கிறதா?" என்று இருக்கிறது. 'எப்போதாவது' என்றால் எல்லாமும்தானே?

சாதாரண வேலையென்றால் இல்லை. அவர்கள் எப்படி எழுதியிருந்தாலும் சட்டம் அதைக் காலாவதி ஆகாதவை என்றுதான் படிக்கும். விதிவிலக்கு வேலையென்றால் விண்ணப்பத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்கள், அங்கேயும் வடிகட்டப்பட்டவற்றைச் சொல்லத் தேவையில்லை. படிவத்தில் சந்தேகம் வந்தால் ஆபீஸுக்குப் போன் செய்து "இதற்கு எந்த டிபிஎஸ்?" என்று மட்டும் கேளுங்கள், பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

காலாவதி ஆகிவிட்டது, அப்படியானால் பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பத்திலும் "இல்லை" போடலாமா?

போடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வீசா, நிரந்தர வதிவிடம், குடியுரிமை ஆகியவற்றுக்கு மறுவாழ்வுச் சட்டம் செல்லாது. 2007ஆம் ஆண்டு யுகே எல்லைகள் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவினால் 2012 அக்டோபரிலிருந்து இப்படித்தான். இருபது வருடத்துக்கு முந்திய அபராதமும் காஷனும் போக்குவரத்து வழக்கும் படிவம் கேட்டால் எழுத வேண்டும்.

ஒரு அக்கா வந்தார். பழைய டிக்கெட் வழக்கு, வேலைக்கு "இல்லை" என்று எழுதினார், அது சரி. அதே வேகத்தில் குடியுரிமைக்கும் "இல்லை" என்று எழுதிவைத்திருந்தார். அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்ததால் தப்பினார். அந்தச் சின்ன அபராதம் குடியுரிமையைக் கெடுத்திருக்காது, மறைத்தது கெடுத்திருக்கும். ஏமாற்றினார் என்று உள்துறை முடிவெடுத்தால் குடியுரிமைக்குப் பொதுவாக 10 வருடம் அது நிழலாகத் தொடரும். சிறைத் தண்டனை ஏதாவது இருந்தால் படிவத்தைத் தொடுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அமெரிக்கா போன்ற வெளிநாடுகளுக்கும் இதே எச்சரிக்கைதான். அவர்களுடைய வீசாக் கேள்விக்கு இந்த நாட்டின் காலாவதி பதிலாகாது.

இலங்கையிலோ இந்தியாவிலோ வந்த தீர்ப்பு?

அதுவும் தீர்ப்புதான், அதற்கும் இதே காலக் கணக்குதான். இங்கே பதிவில் இல்லாததால் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று நினைப்பது தவறு, காலம் முடிந்திருந்தால் மட்டுமே சொல்ல வேண்டாம்.

கூகுளில் என் பெயரைப் போட்டால் பழைய செய்தி வருகிறதே?

கூகுளிடம் நீக்கக் கேட்கலாம். மறுத்தால் தகவல் ஆணையரிடமும் அதற்குப் பிறகு கோர்ட்டுக்கும் போகலாம். 2018இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் காலாவதியான தீர்ப்புள்ள இரண்டு வியாபாரிகள் கூகுள்மேல் வழக்குப் போட்டார்கள். ஒருவர் வென்றார், இன்னொருவர் தோற்றார். வருத்தம் தெரிவித்தாரா, இன்றைய தொழிலுக்கும் பழைய குற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்றெல்லாம் நீதிபதி பார்த்தார். ஆகவே காலாவதி ஆனதாலேயே செய்தி போய்விடாது, ஆனால் அது உங்கள் பக்கம் நிற்கும் ஒரு நல்ல வாதம்.

முதலாளி எப்படியோ தெரிந்துகொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

விதிவிலக்கு வேலையாக இல்லாவிட்டால், காலாவதியான தீர்ப்பு ஒருவரை நிறுத்துவதற்குச் சரியான காரணம் இல்லை என்று சட்டம் சொல்கிறது. நீக்கியதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வழி உண்டு, அதற்குக் கெடு உண்டு என்பதால் உடனே ஆலோசனை கேளுங்கள். வேலையே தராமல் மறுத்தால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போக இந்தச் சட்டத்தில் வழி இல்லை. இந்த ஓட்டையை இத்தனை வருடமாக அடைக்காமல் விட்டிருப்பது எனக்குக் கோபம் வரும் விஷயம்.

என் தேதியை நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

நினைவை நம்பாதீர்கள். வழக்கு நடந்த வருடத்தையே இரண்டு வருடம் தள்ளிச் சொல்பவர்கள் உண்டு. ஏக்ரோ என்ற குற்றப் பதிவு அலுவலகத்தில் உங்கள் போலீஸ் பதிவின் நகலை இலவசமாகக் கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் வரும். அதில் காலாவதியானதும் இருக்கும், அதனால் அது உங்கள் கண்ணுக்கு மட்டும். அதை வாங்கிவந்து கொடு என்று முதலாளி கட்டாயப்படுத்தினால் அதுவே குற்றம், 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

தாள் கையில் வந்ததும் தீர்ப்புத் தேதி, என்ன தண்டனை, எவ்வளவு காலம், கூடவே வேறு உத்தரவு உண்டா என்ற நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். அரசாங்க இணையதளத்திலும் அன்லாக் என்ற தொண்டு அமைப்பின் தளத்திலும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கருவி இருக்கிறது. முடிந்துவிட்டது என்று வந்தால், உறுதி செய்ய நீங்களே ஒரு பேசிக் டிபிஎஸ் எடுங்கள், இருபது பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சான்றிதழ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இன்னும் காலாவதி ஆகவில்லை, கேட்கிறார்கள். எப்படிச் சொல்வது?

கேட்டால் மட்டும் சொல்லுங்கள், கேட்காத முதலாளியிடம் போய்ச் சொல்லும் கடமை பொதுவாக இல்லை. சொல்லும்போது தனித் தாளில் பத்து வரிக்குள் எழுதுங்கள்: என்ன நடந்தது, எந்த வருடம், என்ன தண்டனை, அதற்குப் பிறகு என்ன செய்திருக்கிறேன். மற்றவர்மேல் பழி போடாதீர்கள். நேர்முகத்துக்கு முதல் நாள் இரவு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல்முறை தொண்டை அடைக்கும், மூன்றாவது முறை சாதாரணமாக வரும். நேர்முகத்தில் அந்த மூன்றாவது முறை மாதிரியே சொல்லுங்கள்.